இடம் நிரப்ப அல்ல எங்கள் கோடுகள்

"தினமும் ஒரு சின்னப் படம் வரைகிறேன், அது எனக்குத் தியானம்" என்று நகரத்து ஓவியர் ஒருவர் மேடையில் சொன்னால் சபை தலையாட்டுகிறது. ஒழுங்கு என்கிறார்கள், தவம் என்கிறார்கள், சாதகம் என்கிறார்கள். ஆவடிக்குப் பக்கத்தில் பருத்திப்பட்டில் என் சித்தப்பா முப்பது வருசத்துக்கு மேலாகத் தினமும் ஒரு சின்னப் படம் வரைகிறார். அவருக்கு மட்டும் இந்தப் பெயர்கள் எதுவும் வருவதில்லை. எங்கள் தெருவில் அதற்குப் பெயர் "கெழவனுக்கு வேற வேலை இல்ல". கலை தெரிந்தவர்கள் வைத்த பெயர் இன்னும் மோசம். பொழுதுபோக்கு என்கிறார்கள். போக்குவதற்குப் பொழுது மிச்சம் இருந்த காலம் எங்கள் சனங்களுக்கு எது என்று யாராவது சொன்னால் தெரிந்துகொள்வேன்.

சித்தப்பா போர்டு எழுதுகிறவர். ஆவடி, திருமுல்லைவாயல், அம்பத்தூர், பூந்தமல்லி என்று இந்த வட்டாரத்தில் மளிகைக் கடை, சைக்கிள் கடை, டுடோரியல், லாரிப் பலகை எல்லாவற்றிலும் அவர் கை பட்டிருக்கிறது. தகரத்தைத் தேய்த்து, பிரைமர் அடித்து, சுண்ணாம்புத் தூள் தடவிய நூலைச் சுண்டி வரி போட்டு, அதற்குள் எழுத்தைக் கட்டுவார். உருவப்படம் என்றால் போட்டோவின் மேல் பென்சிலால் கட்டம், சுவரில் கரிக்கட்டையால் அதே கட்டம் பெரிசாக. ஒவ்வொரு கட்டமாக ஏற்றுவார். அந்தத் தொழிலில் எல்லாமே பெரிசு. எழுத்து பெரிசு, முகம் பெரிசு, கூலி மட்டும் சிறிசு.

ராத்திரி வீட்டுக்கு வந்து, கையில் ஒட்டிய எனாமலை மண்ணெண்ணெய் துணியால் துடைத்துவிட்டு, தினசரிக் காலண்டரில் அன்றைய தாளைக் கிழிப்பார். அதன் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். உள்ளங்கை அகலம். அதில் ஒரு படம். பால்பாயின்ட் பேனா, சில நாள் மிச்சமான பெயிண்டில் ஒரு தீற்று. தாளின் முன்பக்கம் ராகுகாலம், எமகண்டம், சூலம், சந்திராஷ்டமம். அதாவது அவர்கள் காலம். பின்பக்கம் எங்கள் காலம். தேதி போட வேண்டிய அவசியமே இல்லை. பஞ்சாங்கமே தேதி போட்டுக் கொடுத்துவிட்டது.

என்ன வரைந்தார்? டேங்க் ஃபேக்டரி வாசலில் ஷிப்ட் முடிந்து வரும் சைக்கிள்கள். தெருக்குழாயடியில் பிளாஸ்டிக் குடங்கள் வரிசை. என் ஆயாவின் பாதம், வெடிப்போடு. மூடி திறந்து கிடக்கும் சாக்கடைக் குழி, பக்கத்தில் அவிழ்த்துப் போட்ட சட்டை. 1997 ஜூலை 1ஆம் தேதித் தாளில் ஒரு பஸ், நடுவழியில் நிற்கிறது, கதவு திறந்திருக்கிறது, ஆள் இல்லை. முந்தின நாள்தான் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் இன்னும் ஆறு பேரும் வெட்டப்பட்டார்கள். 1999 ஜூலை 24ஆம் தேதித் தாளில் ஆற்றங்கரையில் செருப்புகள். ஒற்றைச் செருப்புகள். தாமிரபரணியில் மாஞ்சோலைத் தொழிலாளிகளுக்காகப் போன ஊர்வலத்தில் 17 பேர் செத்ததற்கு மறுநாள். அவர் திருநெல்வேலியைப் பார்த்ததில்லை. டீக்கடை பேப்பர்தான் அவருக்கு எல்லாம்.

இவற்றை நகரத்துக் கலைக்கூடம் ஒன்றிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். பெயர் வேண்டாம், கெட்ட மனுசரும் இல்லை. தாள்களைப் புரட்டி "ரொம்ப வெகுளியா இருக்கு" என்றார். முறையான பயிற்சி உண்டா என்று கேட்டார். "சொவுத்துல கத்துக்கினேன் சார்" என்றார் சித்தப்பா. பிறகு வந்தவர் சொன்னதுதான் எனக்கு இந்தக் கட்டுரையை எழுத வைத்தது: "இதையே கான்வாஸ்ல பெரிசா பண்ணுங்க. இவ்ளோ சின்னதா இருந்தா யாரும் சீரியஸா எடுத்துக்க மாட்டாங்க."

அளவுக்கும் சாதிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு தமிழ் எம்.ஏ.க்காரியாகச் சொல்கிறேன். நமக்குப் பாடம் நடத்திய இலக்கிய வரலாறு பெருங்காப்பியம் என்று ஒரு மாடி கட்டியது, சிறுகாப்பியம் என்று அதற்குக் கீழே ஒன்று, அதற்கும் கீழே சிற்றிலக்கியம். பள்ளு எங்கே இருக்கிறது? சிற்றிலக்கியத்தில். வயலில் கால் வைத்தவன் தமிழ் இலக்கியத்தில் தலைவனாக வர வேண்டுமென்றால் 'சின்ன' இலக்கியத்துக்குத்தான் வர வேண்டும். அதுவும் அவன் எழுதியதாக இல்லை, அடுத்தவன் எழுதிச் சிரிக்கிற பாத்திரமாக. பெரியது உயர்ந்தது, சிறியது தாழ்ந்தது என்பது வெறும் அளவுகோல் அல்ல. அது ஒரு கருத்தியல். ஊர் பெரிசு, சேரி சிறிசு என்கிற அதே கருத்தியல்.

படம் ஏன் சின்னதாக இருக்கிறது என்று அந்தக் கலைக்கூடத்துக்காரர் ஒரு தரம் கேட்டிருக்கலாம். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர். விளக்கை ஒன்பதரைக்கு அணைக்க வேண்டும், பிள்ளைகள் தூங்க வேண்டும். மடியில் வைத்து வரையக்கூடிய அளவு எதுவோ அதுதான் அவர் அளவு. ஸ்டூடியோ வைத்திருக்கிறவர் சின்னப் படம் போட்டால் அது தேர்வு. எங்களுக்கு அது அறையின் அளவு. ஆனால் இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நெருக்கடியில் பிறந்ததால் அது குறைந்தது என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த உள்ளங்கைத் தாளில் ஒரு பஸ்ஸை ஆளில்லாமல் நிறுத்த எத்தனை யோசித்திருக்க வேண்டும்! எழுபது அடி கட்-அவுட்டுக்கு அந்த யோசனை தேவைப்பட்டதே இல்லை.

உலகம் வேறு மாதிரி நடந்துகொண்டது என்றும் இல்லை. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் பில் டிரெய்லர் என்று ஒரு கறுப்பினப் பெரியவர். 1853 வாக்கில் அடிமையாகப் பிறந்தவர். ஆயுசு முழுக்கப் பண்ணையில் உழைத்துவிட்டு, மான்ட்கோமரி நகரத் தெருவோரத்தில் உட்கார்ந்து, 80 வயதைத் தாண்டி, 1939இல் வரைய ஆரம்பித்தார். தூக்கிப் போட்ட அட்டைகள்தான் தாள். மூன்று நாலு வருசத்தில் ஆயிரத்துக்கும் மேல் வரைந்தார். நாய், கோவேறு கழுதை, குடித்துத் தள்ளாடும் ஆள், துரத்துகிற ஆள், ஓடுகிற ஆள். ஒரு வெள்ளைக்கார இளம் ஓவியர் அவற்றை வாங்கிப் பாதுகாத்தார். நியூயார்க்கின் நவீனக் கலைக்கூடம் அன்றைக்கு அவற்றுக்குப் பேசிய விலை என்ன தெரியுமா? பெரிய படம் 2 டாலர், சின்னது 1 டாலர். முழம் போட்டுத் துணி வாங்குவது போல. டிரெய்லர் 1949இல் செத்துப்போனார். 1982இல் வாஷிங்டனில் நடந்த ஒரு கண்காட்சிக்குப் பிறகுதான் நாடு முழுக்கப் பெயர் தெரிந்தது. 1992இல் அவருடைய வாரிசுகள் படங்களில் தங்கள் பங்கைக் கேட்டு நீதிமன்றம் போக வேண்டியிருந்தது, அது சமரசத்தில் முடிந்தது. 2020இல் அவருடைய ஒரே ஒரு படம் ஏலத்தில் 5 லட்சம் டாலருக்கு மேல் போனது. வரைந்தவரின் கைக்கு அதில் ஒரு சென்ட் வரவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. ஜப்பானில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த ஆன் கவாரா 1966இலிருந்து அன்றன்றைய தேதியை மட்டும் சின்ன கான்வாஸ்களில் எழுதினார். நள்ளிரவுக்குள் முடியாவிட்டால் அழித்துவிடுவார். முடித்ததை அன்றைய செய்தித்தாளோடு அட்டைப் பெட்டியில் வைப்பார். கிட்டத்தட்ட மூவாயிரம் அப்படி. உலகத்து மியூசியங்கள் அவற்றை வைத்திருக்கின்றன. எனக்கு அவர் மேல் ஒரு கோபமும் இல்லை. கேள்வி இதுதான். தேதியை எழுதியவர் சிந்தனையாளர் ஆகிறார். தேதித் தாளின் பின்னால் சாக்கடைக் குழியை வரைந்தவர் எப்படி வெகுளி ஆகிறார்?

தமிழ்நாட்டுக்கு வருவோம். சிறுபத்திரிகை ஆர்வலர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆதிமூலத்தின் கோட்டில் எனக்குக் குறை கிடையாது, அந்தப் பேனா எங்கள் தலைமுறைக்கும் கண் திறந்த பேனா. 1969இல் காந்தி நூற்றாண்டுக்கு அவர் காந்தியைத் திரும்பத் திரும்ப, நூறு படம் வரையில் வரைந்தார். அதற்குச் சில மாதம் முன்னால்தான், 1968 டிசம்பர் 25 ராத்திரி, கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள். ஒரு முகத்தை நூறு நாள் உட்கார்ந்து வரையலாம் என்று அந்தச் சூழல் ஓர் ஓவியனுக்குச் சொன்னது. அந்த 44 முகத்தில் ஒன்றையாவது நூறு நாள் வரை என்று எந்தக் கல்லூரி, எந்த அகாடமி, எந்தப் பத்திரிகை சொன்னது? குறை கோட்டில் இல்லை. எதன் முன்னால் தினமும் உட்கார்வது கலை என்று தீர்மானிக்கிற இடத்தில் இருக்கிறது.

வரைந்தவர்கள் இல்லாமல் இல்லை. 1943 வங்கப் பஞ்சத்தில் சித்தபிரசாத் மிதுனப்பூர் ஊர்களில் நடந்து, எலும்பும் தோலுமாய்க் கிடந்தவர்களைத் தாளில் வரைந்துகொண்டே போனார். பிராமணக் குலப்பெயரைப் போட மறுத்தவர் அவர். அந்தப் படங்களைச் சின்னப் புத்தகமாகப் போட்டபோது வெள்ளைக்கார சர்க்கார் ஐயாயிரம் பிரதிகளைப் பிடுங்கி அழித்தது. சின்னப் படத்துக்கு ஏன் இத்தனை பயம்? அதே பஞ்சத்தில் ஜைனுல் ஆபிதீன் கரியை அரைத்து மை செய்து, பொட்டலம் கட்டும் தாளில் வரைந்தார். நாகபுரியில் பிறந்த நம்மவர் சவி சாவர்க்கர், பேஷ்வா காலத்தில் தீண்டப்படாதவனின் கழுத்தில் தொங்கிய கலயத்தையும் இடுப்பில் கட்டிய துடைப்பத்தையும் கோட்டிலும் செதுக்கச்சிலும் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார். அண்ணல் அம்பேத்கரே கடைசிக் காலத்தில் ஓவியம் பழகினார், கண் திறந்த புத்தரை வரைந்து பார்த்தார். அரசியல் சட்டம் எழுதிய கைக்கு ஒரு முகம் வரைவது பொழுதுபோக்காகத் தெரியவில்லை.

இனி நம்மவர்களிடம் பேச வேண்டியது. ஆதிக்க சாதிக்காரனைத் திட்டி முடித்துவிட்டால் கட்டுரை முடிந்தது என்று நினைக்கிற பழக்கம் நமக்கு உண்டு. நான் அதைச் செய்யப் போவதில்லை.

இயக்கத்துக்குச் சித்தப்பா எப்போது வேண்டும்? ஏப்ரல் 14க்கு ஒருதரம், டிசம்பர் 6க்கு ஒருதரம். நீலக் கோட்டு, கையில் புத்தகம், நீட்டிய விரல். சுவர் பிடித்துக் கொடுப்பார்கள், பெயிண்ட் வாங்கிக் கொடுப்பார்கள், டீ வாங்கிக் கொடுப்பார்கள். மிச்சம் 363 நாள் அவர் என்ன வரைகிறார் என்று எந்தத் தோழரும் கேட்டதில்லை. ஒருதரம் நான் கூட்டத்துக்குச் சில தாள்களை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். "நல்லாத்தாம்மா இருக்கு, ஆனா இதுல தலைவர் எங்க?" என்றார் ஒரு பெரியவர். குடத்திலும் செருப்பிலும் தலைவர் இருக்கிறார் ஐயா என்று சொல்ல எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. பிறகு ஃபிளெக்ஸ் வந்தது. அந்த இரண்டு நாளும் போயிற்று. ஒரு ராத்திரியில் அச்சடித்து விடியுமுன் கட்டிவிடுகிறான். இயக்கத்துக்காரர்கள்தான் முதலில் மாறினார்கள். சித்தப்பா வாட்ச்மேன் வேலைக்குப் போனார்.

பெண்கள் கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தினமும் வரைகிற கலை தமிழ்நாட்டில் எது என்று கேட்டால் கோலம் என்பார்கள். சரிதான். ஆனால் விடியற்காலையில் ஊர்த்தெருவில் பெருக்கிச் சாணி தெளித்தது என் ஆயாவின் கை. அதன் மேல் கோலம் போட்டது வீட்டுக்கார அம்மாவின் கை. தாளைத் தயார் செய்த கைக்குப் படத்தில் பங்கு கிடையாது. ஆயாவுக்கு நாற்பது புள்ளிக் கோலம் மனப்பாடம், தன் வாசலில் போடுவதற்குள் வேலைக்கு நேரமாகிவிடும். அவள் போடாமல் விட்ட கோலங்களுக்குக் கணக்கு எந்தக் கலை வரலாற்றில் இருக்கிறது?

கணக்கு என்று சொன்னதால் என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மறைத்துக்கொண்டு மற்றவர்களைக் கேள்வி கேட்பது நேர்மை இல்லை.

சித்தப்பாவின் தாள்கள் இரண்டு இடத்தில் இருந்தன. பழைய டிரங்குப் பெட்டியில் 2000 வரைக்கும் உள்ளவை. பரண் மேல் ஓர் உர மூட்டையில் 2001லிருந்து 2008 வரைக்கும். நான் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்த வருசம் போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்தேன். பரணிலிருந்து மூட்டையை இறக்கிப் பார்த்தேன். கிழித்த காலண்டர் தாள். பழையதைக் கழிக்கச் சொல்லும் நன்னூல் சூத்திரம் எனக்கு மனப்பாடம். விடியற்காலை டயரோடு டயராகப் போட்டுக் கொளுத்தினேன். ஒரு தாளையாவது திருப்பிப் பார்க்கவில்லை. எட்டு வருசம். காய்ச்சல் நாளைக் கழித்தாலும் 2,800 படத்துக்குக் குறையாது. ஃபிளெக்ஸ் வந்து ஒரு தொழிலையே ஒழித்த வருசங்கள் அவை. இந்த வட்டாரத்துப் போர்டு எழுதுகிறவர்கள் ஒவ்வொருவராகப் பிரஷைக் கீழே வைத்ததை உள்ளே இருந்து வரைந்த ஒரே கை அவருடையது. சுனாமிக்கு மறுநாள் தாளும் அதில்தான் இருந்திருக்க வேண்டும். எல்லாம் சாம்பல்.

சித்தப்பா வெளியே வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் நின்றார். "குளிருக்காச்சும் ஆச்சே, வுடும்மா" என்றார். அன்று ராத்திரி வரைந்த தாள் என்னிடம் இருக்கிறது. நெருப்பு, பக்கத்தில் சின்ன மேளம் தட்டுகிற பையன், குச்சியால் நெருப்பைக் கிளறுகிற ஒரு பெண். அந்தப் பெண்ணுக்கு முகம் போடவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று நினைத்திருப்பார்.

கலைக்கூடத்துக்காரர் வெகுளி என்றதும் நான் குப்பை என்றதும் ஒன்றேதான். இரண்டு பேருமே தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை. அவருக்குப் பயிற்சி கொடுத்த படிப்பும் எனக்குப் பட்டம் கொடுத்த படிப்பும் ஒரே கண்ணைத்தான் எங்களுக்குப் பொருத்தி அனுப்பின. ஆதிக்கக் கருத்தியல் அடுத்தவன் வீட்டில் மட்டும் குடியிருப்பதில்லை, நம் பரணுக்கும் ஏறி வருகிறது.

காகிதம் போனால் என்ன, வரலாறு மனசில் இருக்கிறது என்று ஆறுதல் சொல்லாதீர்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19இல் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்று சின்ன வாரத்தாள் ஒன்றைத் தொடங்கினார். 1914இல் அவர் மறைந்த பிறகு எத்தனை காலம் அவர் பெயரே தமிழ் வரலாற்றில் இல்லாமல் இருந்தது! அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் அந்தப் பழைய தாள்களைப் பொட்டலம் கட்டப் போடாமல் வைத்திருந்தார்கள். அதனால்தான் 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வர முடிந்தது, இன்றைக்கு நாம் அவரை வைத்து வாதாட முடிகிறது. யாரோ ஒரு வீட்டில் யாரோ ஒருவர் போகிக்குக் கொளுத்தாமல் விட்டதால் நமக்கு ஒரு நூற்றாண்டு திரும்பக் கிடைத்தது.

சின்னப் படம் சாட்சி. பருத்திப்பட்டு ஏரிக்கரையில் 2019இல் பூங்கா திறந்தார்கள், நடைபாதை, விளக்கு, படகு எல்லாம் வந்தது. நல்லதுதான், நடக்கிறவர்கள் நடக்கட்டும். அதற்கு முன்னால் அந்தக் கரை யாருடைய கரையாக இருந்தது, அங்கே யார் துணி துவைத்தார்கள், யார் எருமை கழுவினார்கள், யார் செத்தவர்களுக்குக் காரியம் செய்தார்கள் என்று எந்த அலுவலகத்து வரைபடமும் காட்டாது. டிரங்குப் பெட்டி காட்டும், தேதியோடு.

ஆகவே இந்தப் பத்திரிகையிடமிருந்தே தொடங்குகிறேன். ஆசிரியர் குழுத் தோழர்களே, கவிதை பாதிப் பக்கத்தில் முடிந்துவிட்டால் கீழே மிச்ச இடத்துக்கு ஒரு கோட்டோவியம் போடுகிறீர்கள். வரைந்தவர் பெயர் பல நேரம் இல்லை, தேதி எப்போதும் இல்லை. சிறுபத்திரிகை மரபு என்பீர்கள். யாருடைய மரபு அது? ஊர் நிறைந்த பிறகு ஓரத்தில் இடம் கொடுக்கிற மரபை நாம் ஏன் பக்கத்துக்குள் கொண்டுவர வேண்டும்? படத்துக்கு முழுப் பக்கம் கொடுங்கள். கீழே பெயர், ஊர், தேதி போடுங்கள். சாட்சியம் என்ற தலைப்பில் போடுங்கள், எங்கள் கட்டுரைகளுக்குப் போடுவது போல.

இயக்கத் தோழர்களுக்கு ஒன்று. உங்கள் தெருவில் போர்டு எழுதியவர், கோயில் சுவரில் வெள்ளையடித்தவர், வண்டிக்கு நம்பர் எழுதியவர் எவராவது இருப்பார். அவர் வீட்டுக்குப் போய், பரணில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். தலைவர் எங்கே என்று கேட்காதீர்கள். கலைக்கூடங்கள் வந்தால் படம் காட்டுங்கள், பிரதி கொடுங்கள், மூலத்தைக் கையெழுத்தில்லாமல் கொடுக்காதீர்கள். டிரெய்லரின் பேரப்பிள்ளைகள் கோர்ட்டுக்கு நடந்தது நமக்கும் பாடம்.

பிள்ளைகளுக்கு ஒன்று. காலண்டர் தாள் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. வரையத் தெரியாது என்று சொல்லாதீர்கள், பார்க்கத் தெரிந்தால் போதும். இன்று பார்த்ததில் ஒன்றை இன்றைக்கே வரையுங்கள்.

சித்தப்பாவுக்கு இப்போது கண் மங்கிவிட்டது, கை கொஞ்சம் நடுங்குகிறது. வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்து இப்போதும் வரைகிறார். போன வாரத் தாள் ஒன்றில் கேட்டுக்கு வெளியே நிற்கிற ஒரு சுவிக்கிப் பையன், முதுகில் மூட்டை. கோடு நேராக வரவில்லை. "இது சரியா வர்ல, போட்டுடு" என்றார். நான் போடவில்லை. பெட்டியில் வைத்திருக்கிறேன்.